3ஐ அட்லஸ், போரிசோவ், ஓமுவாமுவா: இதுங்களோட பூர்வீகம் எதுன்னு சொல்ல முடியுமா?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு தான் முதல் இழை ஆரம்பிக்கிறேன், தப்பான பகுதியில போட்டிருந்தா மாடரேட்டர் மாத்தி விட்டுருங்க.

என் பையனுக்கு பத்து வயசு. 3ஐ அட்லஸ் (3I/ATLAS)னு 2025ல கண்டுபிடிச்ச விண்பொருள் பத்தி ஏதோ வீடியோ பாத்துட்டு வந்து "அம்மா, இது எங்கேருந்து வருது"ன்னு கேட்டான். நம்ம சூரிய குடும்பத்துக்கு வெளியிலருந்துடான்னு சொன்னேன். வெளியிலன்னா எந்த நட்சத்திரம்னு அடுத்த கேள்வி. தெரியலடான்னு சொன்னதுக்கு, "எங்கேருந்துன்னே தெரியாதப்போ வெளியிலருந்து தான்னு மட்டும் எப்படி தெரியும்"னு கேட்டான் பாருங்க, எனக்கு வாயடைச்சுப் போச்சு. அவன் கேக்குறது நியாயம் தானே?

தேடிப் பாத்தேன், பாதிப் பேரு அது வேற்றுக்கிரகக் கப்பல்னு எழுதுறாங்க, மீதிப் பேரு வெறும் வால்மீன், போய் வேலையப் பாருங்கன்னு முடிச்சிடுறாங்க. ரெண்டுலயும் என் பையன் கேள்விக்கு பதில் இல்ல. தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, அவனுக்கு அப்படியே எடுத்துச் சொல்லணும்.

தூரத்துவெளிச்சம் எழுதியது:

அருமையான பையன்ங்க. முதல்ல ரெண்டாவது கேள்விக்கு வரேன், அது சுலபம்.

பள்ளிக்கூடக் கணக்குல மையத் தொலைத்தகவுன்னு ஒண்ணு படிச்சிருப்போம். அது 0ன்னா பாதை வட்டம், 0க்கும் 1க்கும் நடுவுலன்னா நீள்வட்டம், 1ஐத் தாண்டிட்டா அதிபரவளையம், அதாவது வளைஞ்சு வந்து திரும்பிப் போற பாதை, மறுபடி வராது. ஹாலி வால்மீனுக்கு 0.967, அதனால தான் 76 வருஷத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டுது. இதுக்கு முன்னாடி வெளியிலருந்து வந்தது ரெண்டு: 2017ல பாத்த ஓமுவாமுவாவுக்கு 1.2, 2019ல பாத்த போரிசோவுக்கு 3.36. இப்ப வந்த 3ஐ அட்லஸுக்கு 6.1க்கு மேல. பையனுக்கு இப்படிச் சொல்லுங்க: கயித்துல கட்டிச் சுத்துற கல்லு கயிறு நீளத்துக்குள்ள தான் இருக்கும், இது கயிறே இல்லாத கல்லு.

இன்னும் தெளிவா சொல்லணும்னா வேகத்தைப் பாருங்க. சூரிய ஈர்ப்புல சும்மா விழுந்து வர்ற ஒரு பொருள் பூமி இருக்கிற தூரத்துக்கு வரும்போது அதிகபட்சம் நொடிக்கு 42 கிமீ வேகத்துல தான் வரும், அதுக்கு மேல சூரியனால குடுக்க முடியாது. 3ஐ அட்லஸ் சூரியனோட பிடிக்கு வர்றதுக்கு முன்னாடியே நொடிக்கு 58 கிமீ வேகத்துல வந்துட்டு இருந்துச்சு. 2025 அக்டோபர் 29 சூரியனை நெருங்கினப்போ 68 கிமீ. அந்த 58ஐ நம்ம சூரியன் குடுக்கல, நம்ம கோள் எதுவும் குடுக்கல. வரும்போதே கொண்டு வந்தது. வெளியாளுன்னு சொல்றதுக்கு இது போதும், ஊரு தெரியணும்னு அவசியமே இல்ல.

2025 ஜூலை 1ஆம் தேதி சிலி நாட்டுல இருக்கிற அட்லஸ் தொலைநோக்கி இதைப் புடிச்சுது, சூரியன்லருந்து சுமார் 67 கோடி கிமீ தூரத்துல இருக்கும்போதே. உடனே பழைய படங்களைத் தோண்டி ஜூன் 14 வரைக்கும் பின்னாடி போய் அந்தப் புள்ளிய கண்டுபிடிச்சு பாதை போட்டாங்க, அடுத்த நாளே அறிவிப்பு வந்துருச்சு.

நிலாமுற்றம் எழுதியது:

ரொம்ப நன்றிங்க, கயிறு இல்லாத கல்லு பிடிச்சிருக்கு அவனுக்கு. ஆனா முதல் கேள்விய விட மாட்டேங்கிறான். பாதை தெரியும்னா அதையே பின்னாடி நீட்டிட்டுப் போனா எந்த நட்சத்திரத்துல போய் முட்டுதுன்னு பாக்கலாம்லன்னு கேக்குறான்.

தூரத்துவெளிச்சம் எழுதியது:

அதைத் தான் பெரியவங்களும் முதல்ல செஞ்சாங்க! ஓமுவாமுவா வந்த திசையைப் பின்னாடி நீட்டினா வேகா நட்சத்திரத்துப் பக்கம் போகுது. வேகா 25 ஒளியாண்டு தூரம். ஆனா ஓமுவாமுவா நொடிக்கு 26 கிமீ வேகத்துல வந்திருக்கு, அந்த வேகத்துல அவ்வளவு தூரம் வர கிட்டத்தட்ட 3 லட்சம் வருஷம் ஆகும். 3 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வேகா இப்ப இருக்கிற இடத்துலயே இல்ல. நட்சத்திரங்களும் ஓடிட்டே இருக்குல்ல. அதனால வேகா இல்லன்னு தள்ளிட்டாங்க.

அப்புறம் இன்னொரு விஷயம், இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. சுத்தியிருக்கிற நட்சத்திரங்களோட ஒப்பிட்டா நம்ம சூரியனே நொடிக்கு சுமார் 20 கிமீ வேகத்துல வேகா, ஹெர்குலிஸ் பக்கமா தான் போயிட்டிருக்கு. மழையில வண்டி ஓட்டும்போது முன்கண்ணாடியில தான் துளி அதிகம் விழும்ல, அந்த மாதிரி. ஓமுவாமுவா நம்மளத் தேடி வந்ததுன்னு சொல்றதை விட, அது பாட்டுக்கு மெதுவா மிதந்துட்டு இருந்துச்சு, நாம தான் போய் அதைக் கடந்தோம்னு சொல்றது தான் உண்மைக்குப் பக்கம்.

2018ல கொரின் பெய்லர்-ஜோன்ஸ் குழு கையா விண்கலத்தோட நட்சத்திர அளவீடு எல்லாத்தையும் வெச்சு பின்னோக்கி ஓட்டிப் பாத்தாங்க. நாலு நட்சத்திரங்கள் ஓரளவுக்கு ஒத்து வந்துச்சு, ஆனா அதுல எதுவும் இது தான் வீடுன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல.

3ஐ அட்லஸ் வேகமானது தானேன்னு கேட்டீங்கன்னா, அது ஒரு ஒளியாண்டு கடக்கவே 5,000 வருஷத்துக்கு மேல ஆகும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கிமீ, 58ஆல வகுத்து நொடிய வருஷமாக்கினா வந்துரும். பல கோடி வருஷம் சுத்தினதுன்னா வழியில எத்தனை நட்சத்திரம் லேசா இழுத்திருக்கும், எத்தனை வாயு மேகத்தைத் தாண்டியிருக்கும். ஆத்துல கலந்த ஒரு மழைத்துளியைக் கையில எடுத்து இது எந்த மேகத்துலருந்து விழுந்துச்சுன்னு கேக்குற மாதிரி தான் இது.

அட்லஸ் வந்தது தனுசு ராசித் திசையிலருந்து. பால்வீதி மையமும் அந்தத் திசை தான்ங்கிறதுக்காக மையத்துலருந்து வந்துச்சுன்னு சில சேனல்ல சொல்றாங்க, அது வேற இது வேற, திசை ஒண்ணா இருந்தா ஊரு ஒண்ணாயிடாது.

கேள்விக்குறி எழுதியது:

எல்லாரும் வால்மீன் கட்சிலயே நிக்கிறீங்களே, அந்தப் பக்கத்தையும் ஒருத்தர் சொல்லணும்ல. நான் ஏலியன்னு அடிச்சுப் பேச வரல. ஆனா ஓமுவாமுவா விஷயத்துல சந்தேகம் வந்ததுக்குக் காரணம் இருக்கு.

2017 அக்டோபர் 19ல ஹவாய்ல பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி வழியா ராபர்ட் வெரிக் கண்டுபிடிச்சார். அதுக்குள்ள அது சூரியனைச் சுத்தி முடிச்சுட்டு வெளியே போயிட்டிருக்கு, செப்டம்பர் 9லயே சூரியனை 3.8 கோடி கிமீ தூரத்துல கடந்தாச்சு. அவ்வளவு கிட்டப் போயும் வால் இல்ல, தூசி இல்ல, புகை மூட்டம் மாதிரி எதுவுமே இல்ல. வெளிச்சம் 7, 8 மணி நேரத்துக்கு ஒருக்கா 10 மடங்கு வரைக்கும் ஏறி இறங்குச்சு, அப்படின்னா நீளமா சுருட்டு மாதிரியோ தட்டையா தட்டு மாதிரியோ தான் இருக்கணும். எல்லாத்துக்கும் மேல, 2018ல மார்கோ மிக்கேலி குழு நேச்சர் இதழ்ல எழுதினது, சூரிய ஈர்ப்பு மட்டும் இருந்தா போகவேண்டிய பாதையில அது போகல, லேசா எதுவோ தள்ளிட்டே இருக்கு. வால்மீன்னா வாயு பீச்சி அடிக்கும், அதனால தள்ளும், சரி. இங்க வாயுவே தெரியலையே? ஸ்பிட்சர் தொலைநோக்கி பாத்தும் ஒண்ணும் தெரியல. அப்போ தான் ஹார்வர்ட் ஏவி லோப், சூரிய ஒளியே தள்ளுற மாதிரி ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிசான தகடா இருக்கலாமேன்னு கேட்டார். ஒரு பேராசிரியர் கேள்வி கேட்டதுக்கு ஏன் இவ்வளவு கோபப்படணும்?

உப்புக்கல் எழுதியது:

அண்ணே, கேட்டது தப்பே இல்ல. நான் வேதியியல் படிச்சவ, அதனால என் பக்கத்துலருந்து சொல்றேன்.

முதல்ல அந்தத் தள்ளல் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. பூமி தூரத்துல சூரியன் இழுக்குற இழுப்புல ஆயிரத்துல ஒரு பங்கு கூட கிடையாது. அவ்வளவு தான். அதை அளந்து காட்டினதே பெரிய வேலை, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அதுக்குத் தகடு வேணும்னு அவசியம் இல்ல, கண்ணுக்குத் தெரியாத வாயு ஏதாவது கொஞ்சம் கசிஞ்சா போதும். எந்த வாயுங்கிறதுல தான் சண்டை.

2020ல செலிக்மன், லாஃப்லின் ரெண்டு பேரும் முழுசா ஹைட்ரஜன் பனிக்கட்டின்னு சொன்னாங்க. அது அவ்வளவு தூரப் பயணத்துல தாங்காது, வழியிலயே ஆவியாகிடும்னு எதிர்ப்பு வந்துச்சு, அந்த எதிர்ப்பை எழுதினதுல லோபும் ஒருத்தர், அது நியாயமான எதிர்ப்பு. 2021ல ஜாக்சன், டெஷ் ரெண்டு பேரும் நைட்ரஜன் பனின்னு சொன்னாங்க. ப்ளூட்டோ மேல இருக்குல்ல நைட்ரஜன் பனி, அந்த மாதிரி வேற ஒரு குட்டிக்கோள் மேல இன்னொண்ணு மோதி சிதறின சில்லுன்னு. அழகான யோசனை, ஆனா அவ்வளவு நைட்ரஜன் சில்லு உண்டாக எத்தனை ப்ளூட்டோ உடையணும்னு கேட்டாங்க.

எனக்கு மனசுக்கு ஒத்துப் போறது 2023ல ஜென்னி பெர்க்னரும் செலிக்மனும் நேச்சர்ல எழுதினது. ஓமுவாமுவா சாதாரண தண்ணிப் பனி உள்ள வால்மீன் தான். நட்சத்திரங்களுக்கு நடுவுல கோடிக்கணக்கான வருஷம் மிதக்கும்போது காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியில அதிவேகமா பறக்குற துகள்கள், அடிச்சு அடிச்சு தண்ணி மூலக்கூறு உடைஞ்சு ஹைட்ரஜன் உருவாகுது, ஆனா வெளிய போக முடியாம பனிக்குள்ளயே சின்னச் சின்ன பொந்துல மாட்டிக்குது. சூரியன் பக்கத்துல வந்து லேசா சூடானதும் அந்தப் பனி தன்னை மறுபடி அடுக்கிக்குது, பொந்து திறக்குது, ஹைட்ரஜன் வெளியேறுது. பனியே ஆவியாகாததால தூசி கிளம்பாது, வாலும் வராது. ஹைட்ரஜனை அன்னைக்கு பாத்த கருவிகளால பாக்கவும் முடியாது. அது நூறு மீட்டர்லருந்து நானூறு மீட்டருக்குள்ள இருக்கிற சின்னப் பொருள்ங்கிறதால அவ்வளவு கசிவே தள்ளப் போதும், பல கிமீ பெருசா இருக்கிற வால்மீன்ல இதே கசிவு நடந்தாலும் நமக்குத் தெரியவே தெரியாது.

இன்னும் ஒண்ணு, இது தான் முக்கியம்னு நினைக்கிறேன். நம்ம சூரிய குடும்பத்துலயே வால் இல்லாம, ஆனா இப்படி லேசா தள்ளப்படுற சிறுகோள்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க, இருண்ட வால்மீன்னு பேரு வெச்சிருக்காங்க. 2024 கணக்குல 14 இருந்துச்சு. அப்போ ஓமுவாமுவா செஞ்சது உலகத்துலயே இல்லாத அதிசயம்னு சொல்ல முடியாதுல்ல.

கேள்விக்குறி எழுதியது:

இருண்ட வால்மீன் சமாச்சாரம் எனக்குப் புதுசு தங்கச்சி, நன்றி. படிச்சிட்டு வரேன்.

ஆனா அட்லஸுக்கு வாங்க. பூமி சுத்துற தளத்துக்கு வெறும் 5 டிகிரிக்குள்ள, அதுவும் எதிர்த்திசையில வந்துச்சு. செவ்வாய்க்குக் கிட்டத்துல போச்சு. நிக்கல் இருக்கு இரும்பு இல்லன்னாங்க. சூரியனைப் பாத்து வால் நீட்டுச்சு. அக்டோபர்ல செவ்வாய்லருந்து எடுத்த படத்தை நாசா நவம்பர் 19 வரைக்கும் வெளிய விடல. ஒண்ணு ரெண்டுன்னா தற்செயல்னு விடலாம், இத்தனையும் சேர்ந்து வந்தா?

விடிவெள்ளி எழுதியது:

படம் தாமதமானதுக்குப் பதில் சொல்லிடறேன், அமெரிக்க அரசு ஷட்டவுன் அக்டோபர் 1லருந்து நவம்பர் 12 வரைக்கும் இருந்துச்சு, வெளியிடுற ஆளுங்களே வேலைக்கு வரல. ஐரோப்பிய விண்வெளி முகமை செவ்வாயைச் சுத்துற தன்னோட கலத்துலருந்து எடுத்த படத்தை அக்டோபர் முதல் வாரத்துலயே போட்டுருச்சு. நாசா படம் வந்ததும் பாத்தீங்கல்ல, அதே மங்கலான வெள்ளை உருண்டை தான்.

நான் இதைப் படிச்சதோட நிக்கல, பாத்தேன். அதைச் சொல்லணும்னு தான் லாகின் பண்ணேன். என்கிட்ட 8 இன்ச் தொலைநோக்கி, பழைய கேமரா. நவம்பர் அமாவாசையை ஒட்டி, விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து பாத்தேன். கண்ணால பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி தான் இருக்கு, நேரா பாக்காம கொஞ்சம் ஓரக்கண்ணால பாத்தா சாக்பீஸை விரலால தேச்ச மாதிரி ஒரு வெள்ளை. அதுவா இல்ல என் கற்பனையான்னு பத்து நிமிஷம் சந்தேகம்.

அப்புறம் 30 நொடிப் படமா 60 படம் எடுத்தேன். வீட்டுக்குள்ள வந்து கம்ப்யூட்டர்ல நட்சத்திரங்களை ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி அடுக்கினா, அந்த வெள்ளை மட்டும் இழுபட்டு ஒரு சின்னக் கோடா வருது. மாத்தி, அந்த வெள்ளையைப் பொருத்தி அடுக்கினா நட்சத்திரம் எல்லாம் கோடு கோடா ஆகிடுது, நடுவுல இது மட்டும் அசையாம, பச்சை கலந்த ஒரு உருண்டையா நிக்குது. அந்த ரெண்டு படத்தையும் மாத்தி மாத்தி பாத்துட்டே இருந்தேன், விடிஞ்சது கூட தெரியல. வேற ஒரு சூரியன் வெளிச்சத்துல உருவான பொருள் மேல நம்ம சூரியன் வெளிச்சம் பட்டு, அது என் கேமராக்குள்ள வந்திருக்கு. கை நடுங்குச்சுங்க, பொய் சொல்லல.

அது எனக்குக் கப்பல் மாதிரி தெரியல. நான் இருபது வால்மீனாவது படம் எடுத்திருப்பேன், இதுவும் அப்படித் தான் இருந்துச்சு.

உப்புக்கல் எழுதியது:

விடிவெள்ளி அண்ணா, அந்தப் படத்தை ஆல்பம் பகுதியில கண்டிப்பா போடுங்க.

கேள்விக்குறி அண்ணே, நிக்கல் பத்தி: சூரியனுக்கு தூரத்துல இருக்கும்போது நிக்கல் மட்டும் தெரிஞ்சது உண்மை. அந்தக் குளிர்ல உலோகம் நேரா ஆவியாகாது, அதனால கார்பன் மோனாக்சைடோட ஒட்டின ஒரு சேர்மமா வெளிய வருதுன்னு நினைக்கிறாங்க, நிக்கல் சேர்மம் இரும்பை விட சுலபமா ஆவியாகும். அட்லஸ் இன்னும் நெருங்கினதும் இரும்பும் தெரிஞ்சுது. போரிசோவ்லயும் நிக்கல் வாயு இருந்துச்சு, நம்ம வால்மீன்கள்லயும் நிக்கல், இரும்பு ரெண்டும் இருக்குன்னு 2021ல கண்டுபிடிச்சிருக்காங்க. சூரியப் பக்கம் நீட்டின வாலும் பெரிய தூசித் துகள் சூடான பக்கத்துலருந்து கிளம்புறதால வர்றது தான்.

5 டிகிரி சமாச்சாரம் தற்செயல் தான், ஆனா ஒரு பொருளை நூறு விதத்துல அளந்துட்டு அதுல அபூர்வமா வந்த நாலை மட்டும் எடுத்து அடுக்கினா எதுவும் அபூர்வமா தான் தெரியும். டிசம்பர்ல பூமிக்குக் கிட்டத்துல, கிட்டன்னா 27 கோடி கிமீ, வந்தப்போ கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியத் திருப்பிக் கேட்டும் பாத்தாங்க, செயற்கை சிக்னல் எதுவும் இல்ல. ஆனா அக்டோபர்ல மீர்காட் தொலைநோக்கி ஒரு ரேடியோ தடயம் புடிச்சுது, ஹைட்ராக்சில் உறிஞ்சுற கோடு, தண்ணி உடைஞ்சா வர்றது. வால்மீன் போடுற கையெழுத்து அது.

சும்மா படிக்கிறவன் எழுதியது:

கடல்ல விழுந்த விண்கல்லை எடுத்தாங்களே, அதுவும் வெளியிலருந்து வந்தது தானே? அதை விட்டுட்டீங்க.

தூரத்துவெளிச்சம் எழுதியது:

2014 ஜனவரி 8, பப்புவா நியூ கினி பக்கம் விழுந்தது. அமெரிக்க ராணுவ சென்சார் குடுத்த வேகத்தை வெச்சு சிராஜும் லோபும் வெளியிலருந்து வந்ததுன்னு சொன்னாங்க, 2023ல லோப் குழு போய் காந்தத்தால கடலடியைத் துழாவி சின்னச் சின்ன உருண்டைகளை எடுத்துட்டு வந்துச்சு. ஆனா அந்த ராணுவ அளவீட்டுல பிழை எவ்வளவுன்னு வெளியே தெரியாது, வெளியாளுங்கிற முடிவே அந்த வேகத்து மேல தான் நிக்குது. விழுந்த இடத்தைச் சொன்ன நிலநடுக்கப் பதிவு பக்கத்து ரோட்டுல போன லாரியோட அதிர்வா இருக்கலாம்னு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதனால நான் அதைக் கணக்குல சேர்க்கல. உறுதியா மூணு தான்.

சரி, பையனோட கேள்விக்கு வரேன். இதுங்க எப்படி வீட்டை விட்டுக் கிளம்புதுன்னு பாத்தா தான் எங்கேருந்துங்கிறதுக்கு அர்த்தம் வரும். ஒரு நட்சத்திரம் பிறக்கும்போது சுத்தி தூசியும் பனியும் வட்டா சுத்தும், அதுலருந்து கோள் உருவாகும். வியாழன் மாதிரி பெரிய கோள் ஒண்ணு உருவாயிட்டா அக்கம்பக்கத்துல இருக்கிற சின்னக் கட்டிகளை எல்லாம் வீசி எறிய ஆரம்பிச்சிடும். நம்ம சூரிய குடும்பத்துலயும் அதே தான் நடந்துச்சு, வீசப்பட்டதுல கொஞ்சம் தான் ஊர்ட் மேகத்துல, அதாவது சூரிய குடும்பத்தோட வெளி விளிம்புல இருக்கிற பனிக்கட்டிக் கூட்டத்துல, தங்குச்சு, மீதி எல்லாம் தப்பிச்சுப் போயாச்சு. அதாவது நாமளும் கோடி கோடியா அனுப்பியிருக்கோம்.

இது ஏட்டுக் கணக்கு இல்ல, நம்ம கண்ணு முன்னாடியே ஒண்ணு போயிருக்கு. 1980ல எட்வர்ட் பாவல் ஒரு வால்மீனைக் கண்டுபிடிச்சார், சி/1980 ஈ1. ஊர்ட் மேகத்துலருந்து வந்துட்டிருந்த நம்ம வீட்டுப் பிள்ளை. அந்த டிசம்பர்ல வியாழனுக்குப் பக்கத்துல போச்சு, வியாழன் ஒரு சுண்டு சுண்டுச்சு, மையத் தொலைத்தகவு 1.057 ஆயிடுச்சு. இனி திரும்பி வராது. ஓமுவாமுவா வர்ற வரைக்கும் அது தான் இந்த எண்ணுல ரெக்கார்டு. கோடி வருஷம் கழிச்சு வேற எங்கயோ ஒருத்தர் வானத்துல அதைப் பாத்து இது எந்த ஊருன்னு கேக்கலாம்.

உப்புக்கல் எழுதியது:

இங்க தான் வேதியியல் கை குடுக்குது. எந்த நட்சத்திரம்னு சொல்ல முடியாது, ஆனா எப்படிப்பட்ட வீடுன்னு சொல்லலாம்.

போரிசோவை எடுத்துக்கோங்க. 2019 ஆகஸ்ட் 30ல கிரிமியால ஜென்னடி போரிசோவ் தானே செஞ்ச 65 செமீ தொலைநோக்கியில கண்டுபிடிச்சார். பாத்தா அச்சு அசல் வால்மீன், யாருக்கும் சந்தேகம் வரல. ஆனா ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் ஆல்மா ரேடியோ தொலைநோக்கியும் பாத்தப்போ கார்பன் மோனாக்சைடு தண்ணிக்கு ஈடா, சில அளவீட்டுல தண்ணியை விடவே அதிகமா இருந்துச்சு. சூரியனுக்கு அவ்வளவு கிட்ட வந்த நம்ம ஊர் வால்மீன்ல அப்படிப் பாத்ததில்ல. கார்பன் மோனாக்சைடு உறையணும்னா மைனஸ் 250 டிகிரி மாதிரி குளிர் வேணும். அப்போ அது பிறந்தது தன்னோட நட்சத்திரத்துலருந்து ரொம்ப தள்ளி, இல்லன்னா அந்த நட்சத்திரமே மங்கலான சிவப்புக் குறுமீனா இருக்கணும். பால்வீதியில அந்த மாதிரி நட்சத்திரம் தான் அதிகம், அதனால அது ஒண்ணும் நடக்காத கதை இல்ல.

அட்லஸ் வேற மாதிரி. 2025 ஆகஸ்ட்ல ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பாத்தப்போ கார்பன் டை ஆக்சைடு தண்ணியைப் போல 8 மடங்கு. வால்மீன்கள்ல பாத்ததுலயே ரொம்ப அதிகமான விகிதங்கள்ல ஒண்ணு. தண்ணிப் பனி சரியா ஆவியாகாத தூரத்துல இருந்தப்போ எடுத்ததுங்கிறதையும் மனசுல வெச்சுக்கணும். ஒரு விளக்கம், அது பிறந்த இடம் கார்பன் டை ஆக்சைடு உறையுற எல்லைக்குப் பக்கத்துல. இன்னொரு விளக்கம் எனக்கு இன்னும் சுவாரசியமா இருக்கு: கோடிக்கணக்கான வருஷம் காஸ்மிக் கதிர் பட்டுப் பட்டு மேல்தோல் பல மீட்டர் ஆழத்துக்கு மாறியே போச்சு, கார்பன் மோனாக்சைடு எல்லாம் டை ஆக்சைடா ஆயிடுச்சு. அப்படின்னா நாம பாத்தது பிறந்த வீட்டோட குணம் இல்ல, வழியில பட்ட வெயில். வெயில்ல கறுத்த முகத்தைப் பாத்து பிறந்தப்போ என்ன நிறம்னு சொல்ற கஷ்டம் தான் இங்கயும்.

மூணு பேரும் மூணு விதம். மூணும் ஒரே மாதிரி இருந்திருந்தா எனக்கு சப்புன்னு போயிருக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

அப்போ வயசாவது சொல்ல முடியுமா? அதைக் கேட்டா கொஞ்சம் சமாதானமாவான்.

தூரத்துவெளிச்சம் எழுதியது:

வேகத்தை வெச்சு ஓரளவுக்கு சொல்லலாம். நட்சத்திரங்கள் பிறக்கும்போது பால்வீதித் தட்டுல ஒழுங்கா வரிசையா தான் சுத்தும். வயசாக ஆக வாயு மேகம், சுருள் கைகள் எல்லாம் இழுத்து இழுத்து தாறுமாறா வேகம் ஏறிடும், மேலயும் கீழயும் துள்ள ஆரம்பிக்கும். நட்சத்திரம் எப்படியோ அது வீசின கட்டியும் அப்படித் தான். ஓமுவாமுவா மெதுவா வந்ததால இளசுன்னு நினைக்கிறாங்க. அட்லஸ் 58 கிமீங்கிறதால பழசு. ஆக்ஸ்ஃபோர்ட்ல மேத்யூ ஹாப்கின்ஸ் குழு போட்ட கணக்குல, அது பால்வீதியோட தடிமனான வட்டுன்னு சொல்ற, பழைய நட்சத்திரங்கள் இருக்கிற பகுதியிலருந்து வந்திருக்கலாம், வயசு 700 கோடி வருஷத்துக்கு மேல இருக்கலாம்னு வருது. இது ஒரு தனிப் பொருளோட பிறந்த தேதி இல்ல, இந்த வேகத்துல போறவங்க பொதுவா இந்த வயசுக்காரங்கன்னு சொல்ற கணக்கு, அதைப் பையன்கிட்ட சேர்த்தே சொல்லுங்க.

நம்ம சூரியனுக்கு 460 கோடி வருஷம். கணக்கு சரின்னா பூமி, சூரியன் ரெண்டும் இல்லாத காலத்துலயே அந்தப் பனிக்கட்டி இருந்திருக்கு.

விடிவெள்ளி எழுதியது:

இதை முன்னாடியே படிச்சிருந்தா அன்னைக்கு விடிகாலை இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருப்பேன்.

கேள்விக்குறி எழுதியது:

இருண்ட வால்மீன் பத்தி படிச்சேன். ஓமுவாமுவாவுக்கு வால் இல்லாததை இனி பெரிய ஆதாரமா பிடிச்சுக்க மாட்டேன், தங்கச்சி சொன்னது சரி. ஆனா அது போயே போச்சு, 2018 ஜனவரில ஹபிள் கடைசியா பாத்ததோட சரி, மொத்தமே ரெண்டரை மாசம். அதுக்குள்ள ஒரு கலம் அனுப்பி பக்கத்துல பாத்திருந்தா இவ்வளவு சண்டையே வந்திருக்காதே, அது தான் என் ஆதங்கம்.

தூரத்துவெளிச்சம் எழுதியது:

அந்த ஆதங்கம் எல்லாருக்கும் இருக்குண்ணே. ஐரோப்பிய விண்வெளி முகமை காமெட் இன்டர்செப்டர்னு ஒரு கலம் செய்றாங்க, இலக்கு எதுன்னு தெரியாமலே முதல்ல அனுப்பி, பூமிக்கு 15 லட்சம் கிமீ தள்ளி காத்திருக்க வெச்சு, புது வால்மீன் ஏதாவது வரும்போது கிளப்புறது தான் திட்டம். வசதியான பாதையில வெளியாளு ஒண்ணு வந்தா அதுக்கும் போகலாம். அட்லஸ் வேகத்துல வந்தா முடியாது, ஓரமா விலகிப் போறது மாதிரி வந்தா வாய்ப்பு.

கண்டுபிடிக்கிறது இனி சுலபமாகும். சிலில வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூன்ல முதல் படம் வெளியிட்டாங்க, 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. ஓமுவாமுவா அளவுல இருக்கிற கட்டிகள் நெப்டியூன் பாதைக்குள்ள எந்த நேரமும் 10,000 இருக்கலாம்னு மதிப்பீடு. நமக்குத் தெரியல, அவ்வளவு தான்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி முழுக்க இழையை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். விடிவெள்ளி அண்ணா படத்தை ரெண்டு மாதிரி அடுக்கினதை பேப்பர்ல வரைஞ்சு காட்டுன்னு கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டான். 700 கோடின்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அப்புறம் படுக்கும்போது ஒண்ணு கேட்டான். அந்த பாவல் வால்மீனை வேற எங்கயோ ஒரு பையன் பாத்தா, நம்ம சூரியன்லருந்து தான் வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமான்னு. நீங்க சொன்னதை வெச்சு முடியாதுன்னு சொல்லிட்டேன். சரியா?

தூரத்துவெளிச்சம் எழுதியது:

பாவலுக்கு முடியாது, சரியா தான் சொன்னீங்க. ஆனா நம்ம ஊர்லருந்து வெளிய போறதுல நாசாவோட வாயேஜர் 1 விண்கலமும் இருக்கு, 1977ல கிளம்பினது, நொடிக்கு 17 கிமீ. சுமார் 40,000 வருஷம் கழிச்சு கிளீஸ 445ங்கிற நட்சத்திரத்தை 1.6 ஒளியாண்டு தூரத்துல கடக்கும். அதுல ஒட்டியிருக்கிற, பூமியோட ஒலிகள் பதிஞ்ச தங்க இசைத்தட்டு உறையில, 14 பல்சார் நட்சத்திரங்களைக் குறியா வெச்சு, ஒவ்வொண்ணும் எவ்வளவு வேகத்துல துடிக்குதுன்னும் எழுதி, நடுவுல சூரியன் எங்க இருக்குன்னு வரைஞ்சு அனுப்பியிருக்காங்க. பல்சார் துடிப்பு காலப்போக்குல மெதுவாகும்ங்கிறதால, எவ்வளவு மெதுவாயிருக்குன்னு பாத்து எப்ப கிளம்புச்சுங்கிறதையும் கணக்குப் போடலாம்.

பையனுக்கு அந்த வரைபடத்தைக் காட்டுங்க, நடுப்புள்ளியிலருந்து கோடு கோடா கிளம்புற மாதிரி இருக்கும். அந்த நடுப்புள்ளி தான் நாம.